வாட்ச்மேன் ஜேம்ஸின் படம்

செஞ்சியில் ஓவியக் கூடம் ஒன்று இருக்கிறது என்று சொன்னால் செஞ்சிக்காரர்களே நம்ப மாட்டார்கள். கோட்டை இருக்கிறது, நெல் ஏலம் போகிற கமிட்டி இருக்கிறது, விழுப்புரம் போவதா திருவண்ணாமலை போவதா என்று மனிதர்களைக் குழப்புகிற பஸ் ஸ்டாண்டு இருக்கிறது. ஆனால் படத்தைச் சுவரில் மாட்டிவைத்து, வாங்கு என்றும் சொல்லாமல், கும்பிடு என்றும் சொல்லாமல், சும்மா பார்த்துவிட்டுப் போ என்கிற இடம் எதற்கு என்று அந்த ஊருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஊர் அதற்குப் படக்கடை என்று பெயர் வைத்தது. விற்காத கடை என்றும் சேர்த்துச் சொல்வார்கள்.

கடைக்காரர் எழிலரசன். பாண்டிச்சேரியில் ஓவியம் படித்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டவர். செஞ்சி ஓடையோரத்தில் தாத்தா விட்டுப்போன பழைய நெல் கிடங்கு சும்மா கிடந்தது. சுவருக்கு வெள்ளையடித்து, விளக்குப் போட்டு, படங்களை மாட்டினார். வாரத்தில் ஒருநாள் வருவார். மற்ற நாளெல்லாம் கிடங்குக்கு இரண்டே பேர்தான். ஜேம்ஸ் வாட்ச்மேன். அவன் பெண்டாட்டி ஸ்டெல்லா கூட்டிப் பெருக்கித் தூசி தட்டுகிறவள்.

ஸ்டெல்லா மேற்கே ஒரு கிறிஸ்தவ கிராமத்தில் பிறந்தவள். மணிலாக் கடலைக் கொல்லையில் களை பறித்து வளர்ந்த பெண்ணுக்குப் படம் என்றால் மாதா படம், இல்லாவிட்டால் செத்தவர் படம். வேலைக்கு வந்த புதிதில் தலையை நிமிர்த்தாமல் பெருக்கினாள். துணியில்லாத பெண் படம் ஒன்று இருந்தது. அதை மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு துடைப்பாள். ஜேம்ஸ் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டதால் வாட்ச்மேன் ஆனவன். அவனுக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது. வந்தவர்களுக்கெல்லாம் படத்தின் அர்த்தம் சொல்வான். ஒருத்தரிடம் சொன்ன அர்த்தத்தை அடுத்தவரிடம் சொல்ல மாட்டான்.

ஒருமுறை எழிலரசன் அவனையே ஸ்டூலில் உட்காரவைத்துப் படம் வரைந்தார். கோட்டையைக் காக்கிற அந்தக் காலத்துக் காவல்காரனாக. தலைப்பாகை, கையில் ஈட்டி, கன்னத்தைத் தொடுகிற முறுக்கு மீசை. ஜேம்ஸுக்கு மீசை என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. ஆனால் கண் அவனுடைய கண். ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்த மூக்கு அவனுடைய மூக்கு. சாயங்காலம் கூடத்தைப் பூட்டும்முன் அவன் அந்தப் படத்தின் எதிரில் நின்று இல்லாத மீசையை முறுக்குவான்.

"யாருய்யா அந்த ஆளு? நல்லாத்தான் இருக்காரு. இவரையே கட்டியிருந்துருக்கலாம்" என்பாள் ஸ்டெல்லா.

"கட்டிக்கோ. சுவத்துல மாட்டிக்கினு சோறு போடு" என்பான் ஜேம்ஸ்.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள்தான். கார்த்திகையில் அந்தப் புயல் வந்தது.

மழை பெய்த மாதிரி இல்லை, வானத்தைக் கவிழ்த்த மாதிரி இருந்தது என்று செஞ்சியில் இன்றைக்கும் சொல்கிறார்கள். ஏரி நிரம்பி வழிந்து ஓடையில் இறங்கியது. பொழுது சாயும் நேரத்தில் கிடங்கு வாசலில் தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. எழிலரசன் பாண்டியிலிருந்து போன் செய்தார். "ஜேம்ஸ், படத்தையெல்லாம் பரண் மேல ஏத்திடு. எப்படியாவது ஏத்திடுப்பா." ஜேம்ஸ் ஸ்டெல்லாவையும் மகள் ஜெனிபரையும் மேட்டிலிருக்கிற மாதா கோவிலுக்கு அனுப்பினான். ஏத்திட்டு வந்துடறேன் என்றான். வீட்டுக்கு இருந்த ஒரே போன் அவன் சட்டைப் பையில் இருந்தது.

ஏற்றினான். விடிந்து பார்த்தபோது எல்லாப் படங்களும் பரணில் பத்திரமாக இருந்தன. துணியில்லாத பெண்கூட ஒரு சொட்டு ஈரம் படாமல் கோணியால் போர்த்தப்பட்டிருந்தாள். பரணுக்குக் கீழே சுவரில் மாட்டியிருந்த காவல்காரன் படம் மட்டும்தான் இறக்கப்படவில்லை. தண்ணீர் அதில் கழுத்துவரை ஏறி, வண்டலில் ஒரு கோடு கிழித்துவிட்டு இறங்கியிருந்தது. ஓடைப் பக்கத்துச் சுவர் இல்லை. அது இருந்த இடத்தில் வெளிச்சம் இருந்தது. ஜேம்ஸ் இல்லை. இத்தனை படத்தைக் காப்பாற்றிய மனிதனைக் காப்பாற்ற அந்தக் கிடங்கில் ஒரு ஆள் இல்லாமல் போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

எதிர் வரிசையில் வடைக்கடை வைத்திருக்கும் மெஹபூப் பீ மொட்டைமாடியில் ஒதுங்கியிருந்து பார்த்தவள். கிடங்குக்குள்ளே டார்ச் லைட்டு அலைந்துகொண்டே இருந்தது, சுவர் விழுந்த சத்தம் கேட்டது, அப்புறம் லைட்டைக் காணோம் என்று போலீசில் சொன்னாள். ஸ்டெல்லாவிடம் லைட்டு தெரிந்தது என்பதோடு நிறுத்திக்கொண்டாள். தீயணைப்புக்காரர்கள் ஓடையிலும் ஆற்றிலும் அணைக்கட்டுவரை தேடினார்கள். வேறு யார் யாரோ கிடைத்தார்கள். ஆடு மாடெல்லாம் கிடைத்தது.

உடம்பு கிடைக்கவில்லை. ஸ்டெல்லா அதைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு வேறு பிடி ஏது? அவருக்கு நீச்சல் தெரியும். எங்கோ கரை ஏறியிருப்பார். தலையில் அடிபட்டிருக்கும். பெயர் மறந்திருக்கும், ஊர் மறந்திருக்கும். ஏதோ ஒரு வீட்டில் யாரோ கஞ்சி ஊற்றிக்கொண்டிருப்பார்கள். சினிமாவில்தான் இப்படி நடக்கும் என்று அவளுக்கும் தெரியும். நடக்காததையா சினிமாவில் காட்டுகிறார்கள் என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வாள்.

தேடுவதற்குப் போட்டோ வேண்டும். கல்யாண ஆல்பம் வீட்டோடு கூழாகிப் போயிற்று. சொந்தக்காரர்கள் வீட்டு ஆல்பங்களில் ஜேம்ஸ் யாராவது ஒருத்தருக்குப் பின்னால் பாதி காது தெரிய நின்றான். ஆதார் அட்டை நகல் ஒன்று கிடைத்தது. அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆதாரில் யார்தான் மனிதர் மாதிரி இருக்கிறார்கள்? அதைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு ஆற்றோரத்து ஊர் ஊராக நடந்தாள். தளவானூரில் ஒரு டீக்கடைக்காரர் வெகு நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது ஆம்பளையா பொம்பளையாம்மா?" என்று கேட்டார். பாவம், மனதார உதவத்தான் பார்த்தார்.

கிறிஸ்மஸ் கழிந்து ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். வெள்ளத்தில் செத்தவர்களுக்காக ஆத்தும பூசை வைக்கிறோம், பெயர்களை வாசிக்கப்போகிறோம் என்றார். அவர் மேலே சொல்லுமுன் ஸ்டெல்லா முந்திக்கொண்டாள்.

"உயிரோட இருக்கறவருக்கு இன்னாத்துக்கு ஃபாதர் ஆத்தும பூசை?"

சாமியார் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். வீட்டுக்கு நடக்கும்போது ஜெனிபர், "அம்மா, நைனா பேர குடுத்திருக்கலாம்மா" என்றாள். பதினொன்றாவது படிக்கிற பெண். அத்தனை நாளும் வாயே திறக்காமல் இருந்தவள். ஸ்டெல்லா நடுரோட்டில் அவளை அறைந்தாள். அறைந்த கையோடு அவளைக் கட்டிக்கொண்டு அழவும் தெரியாமல், விறுவிறுவென்று முன்னால் நடந்துபோனாள்.

இதற்கு நடுவில் கூடத்தில் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. ஊர் எழுந்திருக்க வேண்டாமா? கொத்தனார்கள் புதுச்சுவர் எழுப்பினார்கள். ஸ்டெல்லா சேற்றை அள்ளி அள்ளிக் கொட்டினாள். எழிலரசன் இப்போது தினமும் வந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்தப் போனைத் தான் செய்திருக்கக் கூடாது என்பது அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டார். வெள்ளத்தைப் பற்றியே ஒரு கண்காட்சி வைத்துக் கூடத்தைத் திரும்பத் திறப்பதாக ஏற்பாடு செய்தார். நடுச்சுவரில் காவல்காரன் படத்தை மாட்டினார். ஸ்டெல்லா ஈரத்துணியை எடுத்துக்கொண்டு போனபோது, "அதை மட்டும் தொடைக்காதம்மா. அந்தக் கோடு இருக்கட்டும்" என்றார்.

திறப்பதற்கு முன்பே சென்னையிலிருந்து சிலர் பார்க்க வந்தார்கள். அதில் ஒரு அம்மாள் படத்தின் எதிரில் நின்றுகொண்டு அசையவே இல்லை. "இந்தக் கோடுதான் படத்துக்கே உயிர் கொடுத்திருக்கு" என்றாள். துடைப்பத்தோடு பின்னால் நின்ற ஸ்டெல்லாவுக்கு அது காதில் விழுந்தது. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. உயிர் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, வெள்ளத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். மீசையைத் தள்ளு, தலைப்பாகையைத் தள்ளு. கண் ஜேம்ஸின் கண்தானே? ஊரிலேயே அவனுக்கு உருப்படியாக ஒரு படம் இருக்கிறதென்றால் அது இதுதானே?

வந்தவர்கள் போனபிறகு எழிலரசனிடம் கேட்டாள். "சார், அந்தப் படத்த ஒரே ஒரு நாளு குடுங்க சார். தை அமாவாசைக்கு மலையனூர் அம்மன் கோவிலுக்கு எட்துக்கினு போயிட்டு வந்துடறேன்."

"மலையனூருக்கா?"

"எல்லா ஊரு ஜனமும் அங்க வருது சார். ஸ்பெசல் பஸ்ல வருது. எங்கயோ ஒரு ஊர்ல யாராச்சும் அவர பாத்திருப்பாங்கல்ல?"

எழிலரசன் தரையைப் பார்த்தார். போட்டோ எடுத்துப் பிரிண்டு போட்டுத் தருகிறேன் என்றார். அந்தக் கூட்டத்தில் படம் கிழிந்துபோகும் என்றார். சென்னை அம்மாள் ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறார் என்றார். ஸ்டெல்லா சரி சார் என்றாள். பிரிண்டு வந்தது. அதில் வண்டல் கோடு கறுப்பாக விழுந்து, கழுத்தறுத்த ஆள் மாதிரி இருந்தது.

கூடத்தின் சாவி ஸ்டெல்லாவிடம்தான் இருந்தது. அத்தனை வருஷத்தில் அங்கிருந்து ஒரு ஆணியைக்கூட எடுத்துப்போனவள் இல்லை. அமாவாசை அன்று காலையில் போனாள், படத்தை இறக்கினாள், பழைய சேலையில் சுற்றினாள், கதவைப் பூட்டினாள். மெஹபூப் பீ வடைச்சட்டிக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு ரோட்டுக்கு ஓடிவந்தாள்.

"எங்கடி தூக்கிக்கினு போற? சார் கேட்டா நான் இன்னா சொல்றது?"

"ஜேம்ஸு போயிருக்காருன்னு சொல்லு அக்கா."

மெஹபூப் பீ தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய் வடையைப் பேப்பரில் மடித்து எடுத்துவந்து ஸ்டெல்லாவின் பையில் திணித்தாள்.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. கண்டக்டர் சேலைக்குள் தெரிந்த ஈட்டி முனையைப் பார்த்தார். "இன்னாம்மா, சாமி படமா? முன்னாடி குடு, டிரைவராண்ட வைக்கலாம். கால் படப்போவுது" என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார். இல்லை என்று அவள் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. படத்துக்கு டிக்கெட் போடாமல் விட்டாரே என்று அவளும் சும்மா இருந்துவிட்டாள். அந்தப் பக்கத்தில் சேலையால் சுற்றிய சட்டத்தை ஒரு பெண் மார்போடு அணைத்துக்கொண்டு அமாவாசைக்கு மலையனூர் போனால் அது வேறென்னவாக இருக்க முடியும்? ஊர் ஊராக அம்மன் படத்தைத் தூக்கிக்கொண்டு, வாசலில் நின்று அரிசி வாங்கிப் போகிறவர்களை அந்தக் கண்டக்டர் தினம் பார்க்கிறார்.

மேல்மலையனூரில் மத்தியானத்துக்கே கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. அறுத்த வயலெல்லாம் பஸ். பஸ்ஸுக்கு நடுவில் அடுப்பு, அடுப்பைச் சுற்றிக் குடும்பம். எலுமிச்சம்பழம், வேப்பிலை, பொரி, பம்பைச் சத்தம். மாதா கோவிலைத் தவிர வேறு கோவில் வாசலை மிதிக்காத ஸ்டெல்லா செபமாலையை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு, பஸ்ஸிலிருந்து ஜனங்கள் இறங்கி வருகிற வழியில் ஒரு புளியமரத்தடியாகப் பார்த்து நின்றாள். சேலையை அவிழ்த்தாள். படத்தை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"யம்மா, இவர பாத்தீங்களா? யய்யா, இவர எங்கனா பாத்தீங்களா? செஞ்சி வெள்ளத்துல காணாம பூட்டாரு."

பம்பைக்கும் பஸ் ஹாரனுக்கும் நடுவில் அவள் குரல் பக்கத்து மரம்வரைகூடப் போகவில்லை. ஜனங்களுக்குத் தெரிந்ததெல்லாம் முறுக்கு மீசை, ஈட்டி, தலைப்பாகை. ஒருத்தர் நடந்துகொண்டே காலடியில் ஒரு ரூபாய் போட்டார். அவள் குனிந்து எடுத்துக் கொடுப்பதற்குள் கூட்டத்தில் மறைந்துவிட்டார். அடுத்து வந்த பெண் செருப்பைக் கழற்றிவிட்டு, குங்குமத்தை எடுத்து ஜேம்ஸின் நெற்றியில் வைத்தாள்.

"ஐயோ, சாமி இல்லம்மா இது! என் வூட்டுக்காரரு!"

"வீரனுக்கு வாக்கப்பட்டவளாம்" என்று அந்தப் பெண் கூட வந்தவளிடம் பயபக்தியோடு சொன்னாள்.

அதற்குப் பிறகு எதுவும் ஸ்டெல்லாவின் கையில் இல்லை. எந்த ஊர்ச் சாமி என்று ஒருத்தர் கேட்டார். செஞ்சி என்று அவள் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டு, கோட்டையைக் காக்கிற வீரன் என்று பக்கத்திலிருந்தவரே பதில் சொல்லிவிட்டார். அந்தக் கோடு என்ன என்று இன்னொருத்தர் கேட்டார். வெள்ளத்தைக் கழுத்தோடு நிறுத்தியவர், அதற்குமேல் ஏறவிடவில்லை என்று ஒரு பெரியவர் விளக்கம் சொன்னார். ஜேம்ஸே சொல்லியிருக்கக்கூடிய அர்த்தம். கற்பூரம் ஏற்றினார்கள். எலுமிச்சம்பழத்தைச் சட்டத்தின் மேல் வைத்தார்கள். அவளுடைய முந்தானையில் அரிசி விழுந்தது. பார்த்தீர்களா, பார்த்தீர்களா என்று கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப்போயிற்று. பார்க்காமலா? எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கை இரண்டும் மரத்துப்போய், சட்டத்தை மரத்தில் சாய்த்துவிட்டு அவளும் பக்கத்தில் சாய்ந்தாள்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். மகாலட்சுமி என்று கூட வந்தவர்கள் கூப்பிட்டார்கள். ஆற்றங்கரை ஊர்க்காரி. ஸ்டெல்லாவின் வயதுதான் இருக்கும். கையில் ஒரு சட்டை வைத்திருந்தாள். நீலக் கட்டம் போட்ட பையன் சட்டை. துவைத்து, தேய்த்து, பட்டன் எல்லாம் போட்டு மடித்திருந்தாள். சட்டையைப் படத்தின் காலடியில் வைத்துவிட்டு, தரையில் விழுந்து கும்பிட்டு எழுந்து, சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வெள்ளத்த நிறுத்துன சாமி, எம்புள்ள சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போனவன் இன்னும் திரும்பல. எல்லாரும் காரியம் பண்ணச் சொல்றாங்க. நான் மாட்டேன்ட்டேன். உடம்பு கெடைக்கல சாமி. அவனுக்கு நீச்சல் தெரியும். எங்கனா கரையேறி, ஊரு பேரு தெரியாம கெடப்பான். அவன கொண்டாந்து எங்கிட்ட சேத்துடு."

பிறகு படத்தை விட்டுவிட்டு ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்தாள். "நீ சொல்லு தாயி. வருவானா?"

ஸ்டெல்லா வாயைத் திறந்தாள். நானும் உன்னை மாதிரிதான் என்று சொல்லத்தான் திறந்தாள். அந்தச் சட்டையைப் பார்த்தாள். பட்டனைப் பார்த்தாள். எதிரில் இருந்த முகத்தில் அப்படி ஒரு பசி இருந்தது, சும்மா அனுப்ப மனம் வரவில்லை.

"வந்துடுவாம்மா" என்றாள்.

சொல்லும்போதே அந்தப் பையன் வரமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கொஞ்சம்கூடச் சந்தேகமில்லாமல் தெரிந்திருந்தது. பால் ஊற்றப் போன பையன், அந்த மழை, அந்த ஆறு. தெரிந்தும், அழுகிற முகத்துக்கு எதையாவது கொடுக்க வேண்டுமே என்று கொடுத்துவிட்டாள். செஞ்சியில் மெஹபூப் பீ, கொத்தனார், தேடிவந்த தீயணைப்புக்காரர், தலையை ஆட்டிவிட்டுப் போன சாமியார், எல்லாரும் அவளிடம் இப்படித்தான் நடந்துகொண்டார்கள். ஒருத்தர்கூட நம்பவில்லை. எல்லாருக்கும் முதல் நாளே தெரியும். அடி வாங்கிய ஜெனிபருக்குத் தெரியும்.

அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அது தன்னுடையது என்றே அவளுக்குத் தெரியவில்லை. தலைமுடி அவிழ்ந்து விழுந்தது. மண்ணில் முட்டி போட்டு, படத்தைக் கட்டிக்கொண்டு, இத்தனை நாளும் அழாத அழுகையை அழுதாள். வேறு எந்த ஊராக இருந்தாலும் ஓடிவந்து தண்ணீர் கொடுத்திருப்பார்கள். இது மலையனூர், அமாவாசை. பம்பைக்காரர்கள் சத்தம் கேட்டுப் பக்கத்தில் வந்து இன்னும் வேகமாக அடித்தார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். அவளுடைய கழுத்தில் யாரோ வேப்பிலையைப் போட்டார்கள். பம்பைக்காரரில் மூத்தவர் கையை உயர்த்தி அடியை நிறுத்தினார். சாமி வந்தவளிடம் கேட்கிற முறைப்படி குரலை உயர்த்திக் கேட்டார்.

"வந்திருக்கறது யாரு? எந்தத் தெய்வம் வந்து எறங்கியிருக்குது? பேரச் சொல்லு தாயே!"

சுற்றிலும் அத்தனை பேரும் வாய் மூடிக்கொண்டு நின்றார்கள். மத்தியானத்திலிருந்து கத்தியதற்கு அப்போதுதான் அவள் பேசுவதைக் கேட்கக் காது கிடைத்தது.

"ஸ்டெல்லா" என்றாள். "எம்பேரு ஸ்டெல்லா. இது சாமி இல்ல. இவரு ஜேம்ஸு. செஞ்சி படக்கடையில வாட்ச்மேனு. படத்தையெல்லாம் மேல ஏத்தி வச்சிட்டு இவரு கீழயே நின்னுட்டாரு. செவுரு வுழுந்துடுச்சு. செத்துட்டாரு. ஜேம்ஸு செத்துட்டாருய்யா!"

கூட்டத்தில் இருந்தவர்கள் புரியாமல் ஒருத்தரையொருத்தர் பார்த்தார்கள். பம்பைக்காரர் பம்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மெல்ல நகர்ந்தார். மகாலட்சுமி மட்டும் போகவில்லை. சட்டையை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு ஸ்டெல்லாவின் எதிரில் மண்ணில் உட்கார்ந்தாள்.

"அப்ப எம்புள்ள?" என்று கேட்டாள்.

ஸ்டெல்லா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை.